வடசேரியில் ஒரு பொய் மாலை

"சித்தி! எனக்கு அவசரமாக ஒரு திருட்டு நகை வேண்டும்!"

இரவு பத்து மணிக்கு டெலிபோனில் இப்படி ஒரு குரல் வந்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? பேசியது என் அக்காள் மகள். சென்னையில் சினிமா, காமிரா சம்பந்தமான படிப்பில் கடைசி வருஷம். பரீட்சைக்குப் பதிலாக ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். காதல் கதையா என்று கேட்டேன். "சே! மர்மப் படம் சித்தி" என்றாள்.

கதை இதுதான். நாஞ்சில் நாட்டுக் கிராமம் ஒன்றில் அம்மன் கோயில். அம்மன் கழுத்தில் பரம்பரையாக வந்த மாங்காய் மாலை. அதை ஒருவன் திருடிவிட்டு, அதே மாதிரிப் பொய் மாலையை வைத்துவிடுகிறான். கடைசிக் காட்சியில் கதாநாயகி மாலையைக் கருங்கல்லில் ஓங்கி அடிக்கிறாள். அது சுக்கு நூறாகிறது. "பொய்!" என்று அலறுகிறாள். சுபம்.

ஐந்து மாணவர்கள் சேர்ந்த கம்பெனி. ஒருத்தி டைரக்டர், ஒருவன் காமிரா. சினிமாக்காரர்கள் 'பிராப்பர்ட்டி' என்று சொல்கிறார்களே, நடிகர்கள் கையாளும் சாமான்கள், அந்த இலாகா முழுவதும் என் அக்காள் மகள் தலையில். கத்தி, கடிதம், பூட்டு எல்லாம் சேகரித்துவிட்டாள். மாலைதான் பாக்கி. அதற்கு ஒதுக்கிய தொகை 1,500 ரூபாய்.

"நாகர்கோவில் பக்கத்தில் வடசேரி என்று ஒரு ஊர் இருக்கிறதாமே, கோயில் நகை செய்கிற இடம்? நீங்கள் பத்திரிகைக்காரி. கூட வந்தால் நாலு பேர் மதித்துப் பேசுவார்கள்" என்று ஐஸ் வைத்தாள். எனக்கும் நாஞ்சில் நாட்டைப் பார்த்து நாளாகிவிட்டது. பெட்டியைக் கட்டினேன்.

ரயிலில் ஒரு பாடம்

ரயிலில் அவள் தூங்கவும் இல்லை. என்னைத் தூங்க விடவும் இல்லை. பிராப்பர்ட்டி சாஸ்திரம் பூராவும் எனக்கு உபதேசமாயிற்று.

மர்மப் படத்தில் எல்லோரும் துரத்துகிற பொருள் ஒன்று இருக்குமாம். அதற்கு ஆங்கில டைரக்டர் ஹிட்ச்காக் 'மக்கஃபின்' என்று விளையாட்டாகச் சொல்வாராம். இரகசியக் கடிதமாக இருக்கலாம், வைரமாக இருக்கலாம். இன்னதுதான் என்பது முக்கியமில்லை. அதற்காக மனிதர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பதுதான் கதை. அதே ஹிட்ச்காக் 1960-இல் எடுத்த 'சைக்கோ' படத்தில் ரத்தத்துக்குப் பதில் சாக்லெட் பாகைத்தான் ஓடவிட்டார். கறுப்பு வெள்ளைப் படமல்லவா? காமிராவுக்கு எல்லாம் ஒரே கறுப்புத்தான்!

1941-இல் வந்த 'மால்ட்டீஸ் ஃபால்கன்' என்ற படத்தைப் பற்றியும் சொன்னாள். ரத்தினங்கள் இழைத்த தங்க வல்லூறுச் சிலை ஒன்றைத் தேடிக் கூட்டம் கூட்டமாக அலைகிறார்கள். கடைசியில் கைக்குக் கிடைப்பது வெறும் ஈயம். அந்த ஈயப் பறவை 2013-இல் நியூயார்க் ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று தெரியுமா? 40 லட்சம் டாலருக்கு மேல்! படத்தில் பொய்யாய்ப் போன பறவை வெளியே வந்து மெய்யான தங்கத்தை விஞ்சிவிட்டது.

"சரி, நம் ஊரில்?" என்றேன் விட்டுக்கொடுக்காமல். "ஏன், 1954-இல் பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' இல்லையா? ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. ஒரு துப்பாக்கிச் சத்தத்தில் ஆரம்பித்துக் கடைசிவரை உட்கார வைத்துவிடுகிறாரே!" என்றாள். நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் வந்த படம். இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஒரு மாலை என்றால் ஒன்று போதாது, மூன்று வேண்டும் என்பதும் அன்றிரவுதான் எனக்குத் தெரிந்தது. காமிரா கிட்டே வந்து பார்க்க ஒன்று. அது அழகாக இருக்க வேண்டும். நடிகை போட்டுக்கொண்டு ஓட ஒன்று. அது லேசாக இருக்க வேண்டும். உடைப்பதற்கு ஒன்று, அது மலிவாக இருக்க வேண்டும். மூன்றும் பார்வைக்கு ஒன்றாக இருக்க வேண்டும். அதிகமாகப் பளபளத்தால் விளக்கு வெளிச்சம் அதில் பட்டுக் காமிராவின் கண்ணைக் குத்தும். பிளாஸ்டிக்காக இருந்தால் கீழே விழும்போது 'சொத்'தென்று சத்தம் கேட்டுக் குட்டு வெளியாகிவிடும்.

பொழுது புலரும் வேளையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வந்தது. இரு பக்கமும் மலை. முப்பந்தலில் காற்றாடிகள் கூட்டமாக நின்று கை சுழற்றின. அப்புறம் ஒரே பச்சை. வயல், தாமரைக் குளம், தென்னை, மறுபடியும் வயல். 1956 நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன் திருவிதாங்கூருக்குச் சோறு போட்ட பூமி என்று இதைச் சொல்வார்கள். பார்த்தாலே பசி தீர்ந்துவிடும்போல் இருக்கிறது.

பட்டறை வாசலில்

வடசேரி என்பது நாகர்கோவிலின் ஒரு பகுதிதான். பஸ் ஸ்டாண்டின் இரைச்சலும் சந்தையின் வாழைக்காய் மணமும் கடந்து உள்ளே போனால் சந்துகள். அடுத்தாற்போல் ஒழுகினசேரி. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன் ஒருவன் பிற்காலத்தில் தமிழகத்தையே சிரிக்க வைத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனாக ஆனான் அல்லவா? 1908-இல் அவர் பிறந்தது அந்த ஒழுகினசேரியில்தான். பொய் வேஷத்தில் மெய்யைச் சொன்ன மனிதர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலே பொய் மாலை தேடி வந்திருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டேன்.

விசாரித்து விசாரித்து ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தோம். பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டு வீட்டின் முன் அறை, ஒரு ஜன்னல், ஜன்னலடியில் தாழ்வான மேஜை, கரிக் குமுட்டி, ஊதுகுழல், அரம், சாமணம். மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர்.

"வாருங்கோ, இருங்கோ. எங்க இருந்து வாறீங்க?"

சொன்னோம். அவருடைய வீட்டம்மாள் கேளாமலே கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். பெரியவர் ஒரு மரப் பெட்டியைத் திறந்தார். நேயர்களே, அடுத்த அரைமணி நேரம் நாங்கள் இருவரும் வந்த காரியத்தை மறந்தோம்!

தலைக்குச் சூரியப் பிரபை, சந்திரப் பிரபை. நெற்றிக்குச் சுட்டி. ஜடைக்கு நாகம், ராக்கொடி. காதுக்கு ஜிமிக்கி, மாட்டல். மூக்குக்குப் பேசரி, புல்லாக்கு. கழுத்துக்கு அட்டிகை, காசு மாலை. தோளுக்கு வங்கி. இடுப்புக்கு ஒட்டியாணம். எல்லாவற்றிலும் மாதுளை முத்துப்போல் சிவப்புக் கெம்பு. நடு நடுவே பச்சை.

ஆதியில் இவை சாமிக்காகத் தங்கத்திலும் ரத்தினத்திலும் செய்யப்பட்டவை. 1930-களில் பரதநாட்டியம் சபா மேடைக்கு வந்த பிறகு, ஆடுகிற பெண்களுக்கும் அதே நகைகள் தேவைப்பட்டன. எல்லோராலும் தங்கத்தில் முடியுமா? அதனால் வெள்ளியில் செய்து, மேலே தங்க ரேக்கு ஒட்டி, கெம்புக் கல் பதித்தார்கள். இன்று அரங்கேற்றம் செய்யும் பெண்களும், கல்யாணப் பெண்களும், சினிமாவில் ராணி வேஷம் போடுகிறவர்களும் அணிவது இந்தப் பாணி நகைகளைத்தான். 'நாகர்கோவில் கோயில் நகை' என்ற பெயரில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

செய்முறையையும் பெரியவர் காட்டினார். வெள்ளியைத் தகடாக அடித்து, கல்லின் அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகளாக வளைத்துப் பொருத்துகிறார்கள். குழிக்குள் அரக்கை நிரப்பி இளஞ்சூட்டில் இளக்குகிறார்கள். இளகின அரக்கில் கல்லை உட்காரவைத்து, அதன் ஓரம் முழுவதும் தங்க ரேக்கைச் சுற்றி, மழுங்கின கருவியால் அழுத்தி அழுத்திப் படிய வைக்கிறார்கள். சூடு அதிகமானால் அரக்கு பொங்கும். குறைந்தால் கல் நிற்காது. தெர்மாமீட்டர் ஏது? கைதான் அறிய வேண்டும்.

"மாங்காய் மாலைன்னா ஒரு ஆளு காரியம் இல்ல, மக்களே. தகடு அடிக்க ஒருத்தன், கல்லு பதிக்க ஒருத்தன், மெருகு போட ஒருத்தன். பண்டு இந்தத் தெருவிலே விடிஞ்சா எல்லா வீட்டிலயும் டக்கு டக்குன்னு சத்தம் கேக்கும். இப்பம் விரல் விட்டு எண்ணீரலாம், பாத்துக்கிடுங்க."

"உடைக்கதுக்கா?"

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தோம். என் அக்காள் மகள் கதையைச் சொல்ல, பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆவலுடன் கேட்டார். திருடன் கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைகிற இடத்தில் "அய்யோ!" என்றார். கடைசிக் காட்சி வந்தது.

"மாலையைக் கல்லில் அடித்து உடைக்கிறாள், தாத்தா. அதற்கு ஒன்று செய்து தர வேண்டும். நல்லதாக வேண்டாம். உடையத்தானே போகிறது?"

பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது.

"உடைக்கதுக்கா மக்களே? அதுக்கு நான் செய்ய மாட்டேன்."

அறையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நான் சமாதானமாக, "பொய் மாலைதானே, ஐயா?" என்றேன்.

"எது பொய்யி? தங்கம் கொறவு, கல்லு வெல கொறவு. சம்மதிச்சேன். வேல பொய்யா? சாமிக்குச் செய்ததும் இந்தக் கைதான். ஆட்டக்காரப் பிள்ளைக்குச் செய்ததும் இந்தக் கைதான். கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கேட்டியளா?"

நான் வாயடைத்துப் போனேன். என் அக்காள் மகளோ வாடிய முகத்துடன் கைப்பையிலிருந்து ஒரு மாலையை எடுத்தாள். சென்னைக் கடையில் 300 ரூபாய்க்கு வாங்கியதாம். "அப்படியானால் இதையே மூன்று இடத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். வேறு வழி இல்லை" என்றாள்.

பெரியவர் அதைக் கையில் வாங்கினார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சிரித்தார்.

"இங்க வா மக்களே. இந்த மாங்காயில ஒரு கீறல் தெரியுதா? காம்புக்குக் கீழ? அடுத்ததையும் பாரு. அதுக்கடுத்ததையும் பாரு."

பார்த்தோம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை மாங்காயிலும், அதே இடத்தில், அதே நீளத்தில், அதே கீறல்!

"அச்சிலே ஒரு கீறல் இருந்திருக்கு. வார்த்தது எல்லாத்திலயும் அது விழுந்திருக்கு. கையால செஞ்சா ஒரு மாங்காய்க்கும் இன்னொண்ணுக்கும் ஒரு நெல்லளவாவது பேதம் இருக்கும். உன் கதையிலே மாலையை எதுக்கு உடைக்கா அந்தப் பொண்ணு? திருப்பிப் பாத்தா போதாதா?"

என் அக்காள் மகள் துள்ளி எழுந்தாள். "சித்தி! கிளைமாக்ஸ்!" என்று கத்திய கத்தலில் வீட்டம்மாள் அடுக்களையிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதிதானே? கல்யாண வீட்டில் நம் பாட்டிமார் ஒரு நகையைக் கையில் வாங்கினால் முதலில் என்ன செய்வார்கள்? திருப்பிப் பார்ப்பார்கள். புடவையானாலும் அப்படியே. முன்பக்கம் கடைக்காரன் சொல்கிறதைச் சொல்லும்; பின்பக்கம் செய்தவன் சொல்கிறதைச் சொல்லும்.

அகஸ்தீஸ்வரத்து வழியே

மத்தியானம் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டோம். சுசீந்திரம் கோபுரத்துக்கு வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு. வழியில், "அகஸ்தீஸ்வரம் போய்விட்டுப் போகலாம். சினிமா எடுக்கிறவள் நீ, அந்த மண்ணை மிதிக்க வேண்டும்" என்றேன்.

ஜே.சி. டேனியல் அந்த ஊரில் 1900-இல் பிறந்தவர். பல் வைத்தியம் படித்தவர். சிலம்பம், களரி என்றால் உயிர். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ வைத்தார். 1920-களின் கடைசியில் 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தைத் தாமே எழுதி, டைரக்ட் செய்து, நடிக்கவும் செய்தார். மலையாளத்தின் முதல் படம் அதுதான். கதாநாயகி பி.கே. ரோஸி. ஏழைத் தலித் பெண். படத்தில் அவருக்கு நாயர் வீட்டுப் பெண் வேஷம்.

அந்த வேஷத்தைத்தான் பொறுக்க முடியவில்லை சிலருக்கு. இவள் எப்படி அந்தச் சேலையைக் கட்டலாம்? இவள் கூந்தலில் இருந்த பூவை நாயகன் எடுத்து முத்தமிடுவதா? திரையின்மீது கல் விழுந்தது. அவருடைய குடிசைக்கும் தீ வைத்தார்களாம். ரோஸி ஊரை விட்டு ஓடினார். லாரி டிரைவர் ஒருவரை மணந்து, தமிழ்நாட்டில் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். டேனியல் கடனாளியாகி, 1975-இல் கவனிப்பாரின்றி இதே அகஸ்தீஸ்வரத்தில் கண்ணை மூடினார். 1992 முதல் கேரள அரசு தன் உயர்ந்த திரைப்பட விருதை அவர் பெயரில் வழங்குகிறது. அவர்கள் கதையை 2013-இல் 'செல்லுலாய்ட்' என்று படமாகவும் எடுத்தார்கள். மூலப் படத்தின் பிரதி மட்டும் இன்று இல்லை.

தென்னை நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு இதையெல்லாம் சொன்னேன். என் அக்காள் மகள் வெகு நேரம் பேசவில்லை.

"ஒரு பூ, சித்தி. பிராப்பர்ட்டி லிஸ்டில் காலணாப் பெறாத சாமான். அதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையையே..." என்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை.

மாலையில் குமரி அம்மன் சந்நிதி. அம்மனின் மூக்குத்தியை நீங்கள் தரிசித்திருப்பீர்கள். அதன் ஒளியைக் கலங்கரை விளக்கமென்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதினவாம். அதனால்தான் கிழக்கு வாசலைச் சில விசேஷ நாட்கள் தவிர மூடியே வைத்திருக்கிறார்கள் என்று ஐதிகம். எத்தனையோ தடவை கேட்ட கதை. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கேள்வி தோன்றியது. கப்பலையே ஏமாற்றிய அந்தக் கல்லை இழைத்துக் கட்டிய கை யாருடையது? கதையில் அவன் பெயர் இல்லை.

பெயர் போட ஓர் இடம்

பத்து நாள் கழித்துப் படப்பிடிப்பு. நாகர்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பழைய வீட்டுத் திண்ணை. உடைப்பதற்கான மாலை பிராப்பர்ட்டி லிஸ்டிலிருந்து அடிபட்டுப் போயிற்று. 300 ரூபாய் மாலைதான் பொய் மாலை. மெய் மாலையாக நடிக்க, தம் தகப்பனார் காலத்து மாதிரி மாலையைத் தருவதாகப் பெரியவர் சொல்லியிருந்தார். வாடகை வாங்க மறுத்துவிட்டார். சிவப்புத் துணியில் சுற்றி, டிபன் பாத்திரத்தில் வைத்து, பஸ் ஏறித் தாமே கொண்டுவந்தார்.

காமிரா ஓடியது. கிழவி வேஷத்தில் அந்த வீட்டுப் பாட்டியே நடித்தார். மாலையை வாங்கினார், திருப்பினார், விரலால் ஒவ்வொரு மாங்காயாகத் தடவினார். மூன்றாவது மாங்காயில் விரல் நின்றது. பாட்டி நிமிர்ந்து பார்த்த பார்வையில், இது கதைதான் என்று தெரிந்த எனக்கே திக்கென்றது. அலறலும் இல்லை, உடைசலும் இல்லை. ஓரமாக நின்றிருந்த பெரியவர் மெல்ல, "கண்டுபிடிச்சிட்டா" என்றார்.

புறப்படும்போது என் அக்காள் மகள், "படத்தின் கடைசியில் உங்கள் பெயரைப் போடப் போகிறேன், தாத்தா" என்றாள்.

"வேண்டாம் மக்களே. நகையிலே செய்தவன் பேரு போடுகது வழக்கம் இல்ல" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை அவளுடைய டெலிபோன் அடித்தது. பெரியவர்தான்.

"ராத்திரி பூரா ஆலோசிச்சேன் மக்களே. எழுத எடம் இருந்தா, என் பேரு வேண்டாம். வடசேரின்னு மட்டும் போட்டிரு."

போட்டிருக்கிறாள். படம் முடிந்து கடைசியாகத் திரையில் நிற்கிற எழுத்து அதுதான். வடசேரிக்குக் கீழே, யாரும் சொல்லாமலே, அவள் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறாள்: 'பி.கே. ரோஸியின் நினைவுக்கு.'